சொறிநாய் என்று துரத்தலாமா?

2006ஆம் ஆண்டு சம்பூரை விட்டு ஓடியபோது பிள்ளைகளைத் தூக்கவே கை போதவில்லை. நாய்கள் பல வளவிலேயே நின்றுவிட்டன. கிளிவெட்டி முகாமில் பிள்ளைகளுக்குச் சொறி கண்டபோது பழி அங்கு திரிந்த நாய்கள்மேல் விழுந்தது. நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

2015க்குப் பின் ஊர் திரும்பியவர்களின் வளவுகளிலும் மயிர் கொட்டி, காதோரம் தோல் தடித்த நாய்களைக் காண்கின்றோம். கழிவு ஒயில் பூசுவதே நம்மவர் வைத்தியம். இது தவறு. நாய் அதை நக்கும், அது நஞ்சு, தோலையும் புண்ணாக்கும்.

சொறிக்குக் காரணம் தோலைக் குடைந்து முட்டையிடும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி. மிருக வைத்தியர் ஏற்றும் ஐவர்மெக்டின் ஊசி அதைக் கொல்லும். சுமார் இரு வாரத்தில் மீண்டும் ஏற்றவேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் நோய் திரும்பும். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் ஏற்றாதீர்கள், நாய் செத்துப்போகும். படுத்த சாக்கை எரித்துவிடுங்கள்.

நாயின் உண்ணி நம்மில் ஏறினாலும் பெருகாது. நாய் சுகமானால் நம் கடியும் அடங்கும். பிள்ளைகளிடம் வாரக்கணக்கில் நீடிக்கும் சொறி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. அதற்கு வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். நாயைக் காட்டில் விட்டால் பிள்ளையின் சொறி தீராது. யானை வரும் இரவில் குரைக்கவும் ஒன்றிராது.