அறுந்த நரம்பும் ஆய்வுக்கூடத்துக் குழாயும்

உடைந்த எலும்பு கூடும், கிழிந்த சருமம் மூடும் என்று சுலபமாக நம்புகிற நாம், அறுந்த நரம்பு மாத்திரம் ஒருநாளும் துளிர்க்காது என்று நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோம். மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் பெரும்பாலும் பொருந்துகிற இந்த அவநம்பிக்கை, கைகால்களுக்கு ஸ்பரிசத்தையும் அசைவையும் அளிக்கிற புற நரம்புகளுக்குப் பொருந்துவதில்லை. அவை வளரும், வளர்வதற்கு வழியும், போய்ச் சேருமிடத்தில் உயிருள்ள தசையும் இருக்கவேண்டும், அவ்வளவே. திசுப் பொறியியல் என்னும் புதிய சாஸ்திரம் முதலாவதைத் தேடுவதில் காட்டிய தீவிரத்தை இரண்டாவதைக் காப்பதில் காட்டவில்லை என்பதே என் கட்சி.

தவளையின் நாவுக்குச் செல்லும் நரம்புகளை வெட்டி ஆராய்ந்த அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கில அறிஞர், வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி சிதைந்து போவதை 1850-இல் வெளியிட்டார். பின்னர் ஸ்பெயின் தேசத்து ராமோன் இ காஹால், வெட்டுக்கு இப்பாலுள்ள முனையிலிருந்து புதிய இழைகள் அரும்பி முன்னேறுவதை நுண்ணோக்கியில் கண்டு, நுட்பமான சித்திரங்களாகத் தீட்டி வைத்தார். சிதைவுகளை அகற்றுவதில் துணைநின்று, வெறுமையான உறைக்குள் வரிசையாக நின்று, வருகிற இழைக்கு வழிகாட்டுவது ஷ்வான் செல்களின் கைங்கரியம். இவ்வாறு வளரும் இழையின் வேகம் மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

கண்ணாடி கீறி மணிக்கட்டில் நரம்பு அறுபட்டால், இரு முனைகளையும் நேரே சேர்த்து, தலைமயிரினும் மெல்லிய நூலால் நுண்ணோக்கியின் கீழ்த் தைத்துவிடலாம். நடுவே ஒரு துண்டே போய்விட்டாலோ, முனைகளை இழுத்துப் பிடித்துத் தைப்பது தீங்காகவே முடியும். அந்த இழுவையைத் தவிர்த்து, இடைவெளியில் வேறொரு நரம்பை ஒட்டுவதே மேல் என்று வியன்னா நகர ரண சிகிச்சை நிபுணர் ஹானோ மில்லேசி 1970-களில் நிலைநாட்டியது இன்றளவும் பிரமாணமாக இருந்து வருகிறது. ஆனால் அந்த ஒட்டு நரம்பைப் பெரும்பாலும் நோயாளியின் கெண்டைக்காலிலிருந்தே எடுக்கிறார்கள். கைக்கு உணர்ச்சி தேடப் போய், பாதத்தின் வெளிப்புற உணர்ச்சியை விலையாகக் கொடுக்க நேர்கிறது.

இந்த விலையைத் தவிர்க்க எழுந்த பிரயத்தனமே குழாய். ஸ்வீடன் தேசத்து கோரான் லுண்ட்போர்க் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில், எலியின் பின்தொடை நரம்பை அறுத்து, இரு முனைகளையும் ஒரு சிலிகோன் குழாய்க்குள் எதிரெதிரே பொருத்தினர். முதலில் ஒரு திரவம் குழாயை நிரப்பிற்று. ஒரு வாரத்தில் ஃபைப்ரின் என்னும் புரதம் அதில் பாலமாக உறைந்தது. அப்பாலத்தின்மேல் ஷ்வான் செல்களும், அவற்றைத் தொடர்ந்து நரம்பிழைகளும் சென்றன. இடைவெளி 10 மி.மீ. ஆனபோது நரம்பு கடந்தது, 15 மி.மீ. ஆனபோது கடக்கவில்லை. உடலிலேயே தங்கி நரம்பை நெருக்கக்கூடிய சிலிகோனுக்குப் பதிலாக, தாமே கரையும் கொலாஜன் முதலிய பொருள்களாலான குழாய்கள் இன்று மருத்துவமனைகளில் உபயோகத்தில் இருக்கின்றன. எனினும் வெற்றுக் குழாயின் ஆற்றல் சுமார் 3 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே ஆராய்ச்சி குழாயின் உட்புறத்துக்குத் திரும்பிற்று. ஒரே திசையில் நீளும் நுண்ணிழைகளை உள்ளே பரப்புகிறார்கள். ஷ்வான் செல்களையோ, கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களையோ விதைக்கிறார்கள். ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் கண்டறிந்து 1986-இல் நோபல் பரிசு பெற்ற வளர்ச்சிக் காரணிகளின் இனத்தைச் சேர்ந்த புரதங்களை ஊட்டுகிறார்கள். ஆயினும் அத்தகைய புரதம் ஓரிடத்தில் மிகுந்துவிட்டால், வழியில் அன்னசத்திரம் கண்ட யாத்திரிகனைப் போல, இழைகள் அங்கேயே சுருண்டு தங்கிவிடுகின்றன.

இத்தனையும் வழியைப் பற்றிய கவலை. காலத்தைக் கணக்கிட்டாலோ நிலைமை வேறு. தோளருகே நரம்பு அறுந்தவருக்கு உள்ளங்கைத் தசை ஏறத்தாழ 700 மி.மீ. தொலைவு, குழாய் எவ்வளவு உயர்ந்ததாயினும் இழை போய்ச் சேர இரண்டு ஆண்டுகள் ஆகும். நரம்பை இழந்த தசையோ 12 முதல் 18 மாதங்களில் நலிந்து, அதை மீண்டும் ஏற்கும் தகுதியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. இதை உணர்ந்த பிரெஞ்சு நிபுணர் ஓபர்லின், பக்கத்திலேயே ஓடும் நல்ல நரம்பொன்றின் சிறு கற்றையை முழங்கை மடக்கும் தசைக்குத் திருப்பிவிட்டுத் தூரத்தையே சுருக்கிய முறையை 1994-இல் வெளியிட்டார். தொழுநோயால் நரம்பு மாண்ட கைகளில், வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்க வைத்ததும், நரம்புக்காகக் காத்திராத சிகிச்சையே.

எலியின் காலில் நரம்பு கடக்கவேண்டிய தூரம் சில சென்டிமீட்டர்தான். அங்கே பெற்ற வெற்றியை மனிதக் கைக்கு உத்தரவாதமாகக் கொள்வது நியாயமாகாது. நீண்ட இடைவெளியிலும், நாட்பட்ட காயத்திலும், முதிர்ந்த வயதிலும் புதுக் குழாய்களைப் பரீட்சித்து, நோயாளி தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாரா என்பதைக் கொண்டு மதிப்பிடவேண்டும். நரம்பு வந்து சேரும்வரை தசையைக் காக்கும் உபாயத்துக்கும் குழாய்க்குச் சமமாகப் பொருள் ஒதுக்கவேண்டும். அதுவரையில், கையில் வெட்டுக் காயத்தோடு வருபவரின் தோலைத் தைக்குமுன், விரல் நுனிகளில் உணர்ச்சி இருக்கிறதா, விரல்கள் மடங்கி விரிகின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் அன்றே நரம்பு சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவதை ஒவ்வொரு விபத்துப் பிரிவும் விதியாகக் கொள்ளட்டும்.