ஷா ஆலம் பேர் இருந்தா மொகலாயக் காசா?

‘அபூர்வ மொகலாய வெள்ளி ரூபாய்’னு அட்டை ஒட்டி விக்கிறவங்களைக்கூட மன்னிச்சுடலாம், பொழப்பு. அதை அப்படியே நம்பி ஆல்பத்துல சொருகி வைக்கிற நம்மாளுங்களைத்தான் தாங்க முடியலை.

மக்களே, இரண்டாம் ஷா ஆலம் 1788லயே குலாம் காதிரால குருடாக்கப்பட்ட மனுஷன். 1806ல இறந்தும் போயிட்டார். ஆனா கிழக்கிந்தியக் கம்பெனி 1835 வரைக்கும் அவர் பேர்ல ரூபாய் அடிச்சுது! அவத் நவாப், ஜெய்ப்பூர் ராஜா, மராட்டியர்னு ஆளாளுக்கு அவர் பேரைத்தான் போட்டாங்க. பழகின பேர் இருந்தாத்தானே சந்தையில காசு செல்லும்?

அடிச்சது யாருன்னு சொல்றது ஓரத்துல இருக்கிற குட்டிச் சின்னம். அவத்துக்கு மீன், ஜெய்ப்பூருக்குக் கிளைவிட்ட செடி. நம்ம ஆற்காடு ரூபாயையே எடுங்க. 1759ல கொல்லப்பட்ட இரண்டாம் ஆலம்கீர் பேரு, அதே ஆறாம் ஆட்சியாண்டு, வருஷக்கணக்கா மாறவே இல்லை. தாமரை இருந்தா மெட்ராஸ் கம்பெனி, பிறை இருந்தா பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன். ஆற்காட்டுல அடிக்காத ஆற்காடு ரூபாய் :-)

அச்சு பெரிசு, காசு சின்னது. அதனால சின்னம் பாதிதான் விழும். அந்தப் பாதியையும் புளி போட்டுத் தேய்ச்சு, பாலிஷ் ஏத்தி அழிச்சுட்டு ‘பளபளன்னு இருக்கு பாருங்க’ங்கிறாங்க! சராஃப் குத்தின முத்திரையை ‘டேமேஜ்’னு ஒதுக்குறது இன்னொரு கூத்து. அது வெள்ளியைச் சோதிச்சுப் பார்த்ததுக்கு அடையாளம் சாமி.

அடுத்த தடவை யாராவது மொகலாயக் காசுன்னு நீட்டினா, எந்த அக்கசாலைன்னு கேளுங்க. முழிச்சா, வெள்ளி எடைக்கு மேல ஒரு பைசா கொடுக்காதீங்க.