ஜாமீன் கையெழுத்து

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் நடப்புக் காலத்துப் பாடகர், டி.வி., சினிமாப் பெயர்கள் வந்து விழுந்தால் அவை உயிர்பெறுகின்றன என்று நண்பர் ஒருவர் சாதிக்கிறார். இதற்குச் 'சமகாலப் பிரக்ஞை' என்று பெயரும் சூட்டிவிட்டார். பிரக்ஞை இவ்வளவு மலிவு என்றால் தினசரிக் காலண்டர்தான் மகாகாவியம்.

1965ல் மார்வெலின் 'ஸ்ட்ரேஞ்ஜ் டேல்ஸ்' 130ஆம் இதழில் பீட்டில்ஸ் வருகிறார்கள். கதாநாயகர்கள் திருடர்களைத் துரத்தப் போய்க் கச்சேரியைத் தவறவிடுகிறார்கள். பீட்டில்ஸை எடுத்துவிட்டு வேறெந்தக் கோஷ்டியை அங்கே நிறுத்தினாலும் கதையில் ஒரு மயிரிழை அசையாது. 1980ல் 'எக்ஸ்-மென்'னில் அறிமுகமான டாஸ்லர் இன்னும் பரிதாபம். டிஸ்கோ அலையை நம்பி, காஸாபிளாங்கா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு கூட்டாகத் திட்டமிட்ட பாத்திரம் அவள். அவள் வந்து சேர்வதற்குள் அலை ஓய்ந்துகொண்டிருந்தது. கம்பெனியும் விலகிக்கொண்டது. ஒலியை ஒளியாக்கும் அவள் சக்தி நல்ல கற்பனை. அது இன்றும் மூப்படையவில்லை. மூப்படைந்தவை, இரவல் வாங்கிய சக்கரக் காலணியும் டிஸ்கோ மினுமினுப்பும்.

பாங்கில் தினமும் பார்க்கிறேன். ஜாமீன் கையெழுத்தை மட்டும் நம்பிக் கொடுத்த கடன், ஜாமீன்தாரர் நொடித்தால் வராக்கடன்தான்.

அப்படியானால் காமிக்ஸ் தன் காலத்தைத் தொடவே கூடாதா? நான் அதைச் சொல்லவில்லை. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87ல் செய்த 'வாட்ச்மென்'னைப் பாருங்கள். அந்த உலகில் சூப்பர் ஹீரோக்கள் நிஜம். ஆகவே அங்கே பையன்கள் சூப்பர் ஹீரோ காமிக்ஸைத் தேடுவதில்லை. கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிக்கிறார்கள். பத்திரிகைக் கடையோரம் ஒரு பையன் படிக்கும் அந்தக் கதையில், ஊரைக் காப்பாற்றப் புறப்பட்டவனே கொலைகாரனாகிறான். மூலக் கதையின் தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. அதை உருவி எடுத்தால் புத்தகம் முடமாகும். இதுதான் என் அளவுகோல்.

தெரிந்த பெயரைக் கண்டதும் எனக்குள்ளும் ஒரு குதூகலம் எழத்தான் செய்கிறது. ஆனால் அது என் தகவலறிவுக்கு நானே தட்டிக்கொள்ளும் கை. அதைக் கலை அனுபவம் என்று நான் கணக்கில் எழுதத் தயாரில்லை.

காமிக்ஸ்தானே என்று சிரிக்கும் நண்பர்கள், தங்கள் கவிதைகளில் காஃப்காவும் காம்யுவும் எந்த வேலையாக வந்து நிற்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.