மாத்திரையை நிறுத்தும் நிபுணர்கள்

எங்கள் பள்ளிக்கரணையில் காசு கொடுக்காமல் கிடைப்பவை இரண்டு. ஒன்று கொசு, மற்றொன்று வைத்திய ஆலோசனை. கொசுவுக்குச் சதுப்பு நிலத்தைக் காரணம் சொல்லலாம். ஆலோசனைக்கு எதைச் சொல்வது? சதுப்பு நிலத்துக்காவது 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. நம் ஆலோசகர்களுக்கு எந்த அங்கீகாரமும் கிடையாது. ஆனாலும் அவர்கள் வாக்குக்கு உள்ள மதிப்பு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரின் வாக்குக்குக் கிடையாது.

சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய்த் தண்ணீரைச் சிபாரிசு செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. குடிக்கிறவர் பாடு, வெண்டைக்காய் பாடு. நான் மல்லுக்கு நிற்பது வேறொன்றுக்காக. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களைத் தேடிப் போய், "முதல்லே அந்த மாத்திரையை நிறுத்து" என்று உபதேசம் செய்கிறார்களே, அதற்காக.

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் ஏதாவதொரு மருந்துக் கடையில் சாயங்காலம் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குகிறவர் அதன் பெயரையும் மில்லிகிராமையும் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லுவார். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு. மனநோய் மருந்து வாங்க வந்தவரோ சீட்டை நாலாக மடித்து நீட்டிவிட்டு, கூட்டம் கலையட்டும் என்று சோப்பு டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தெரிந்த முகம் இருக்குமே என்று பயந்து, பஸ் ஏறித் தாம்பரம் போய் வாங்கி வருகிறவர்களையும் எனக்குத் தெரியும். இப்படிக் கூனிக் குறுகி வாங்கிய மருந்தை நிறுத்தச் சொல்வதற்கு அதிக சாமர்த்தியம் வேண்டியதில்லை. லேசாகத் தள்ளினால் போதும்.

அடுத்த தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். இருபத்திரண்டாவது வயதில் ஒரு சமயம் ஐந்து நாள் தூங்காமல், வளையலை அடகு வைத்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் புடவை எடுத்துக் கொடுத்தாள். 'பைபோலார்' என்றார் டாக்டர். உற்சாகம் தலைக்கேறுவதும், பிறகு பாதாளத்தில் விழுவதுமாக மாறி மாறி வரும் நோய். லித்தியம் எழுதிக் கொடுத்தார். நாலு வருஷம் வேலைக்குப் போனாள், சிரித்தாள், சண்டை போட்டாள். எல்லோரையும் போல இருந்தாள். அதனால்தான் வரன் பார்க்கவே ஆரம்பித்தார்கள். அப்போது தாய்மாமன் வந்து சேர்ந்தார்.

"ஏன்க்கா, நல்லாத்தானே இருக்கா? இன்னும் எதுக்கு இந்தக் கண்றாவி? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டிலே அலமாரியைத் திறந்து பார்த்தா நம்ம மானம் என்னாகும்?"

நன்றாக இருக்கிறாள், ஆகையால் மருந்து வேண்டாம்! நாராயணபுரம் ஏரிக்குக் கரை இருப்பதால் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. தண்ணீர்தான் வரவில்லையே, கரையை வெட்டிவிடு என்று 2015 வெள்ளத்தைப் பார்த்த எவரும் சொல்ல மாட்டார்கள். மாமா சொன்னார்.

ஏழு வாரம் கழித்து, நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில், விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பெண் ரேடியல் சாலையின் நடுவில் நின்று லாரிகளுக்குக் கை காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உயிரோடு வீடு திரும்பியது, யாரோ ஒரு குப்பை லாரி டிரைவர் சமயத்தில் பிரேக்கை மிதித்ததால். மாமா இதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "பார்த்தீங்களா, அந்த மருந்து உடம்பிலேயே தங்கிடுச்சு. அதோட வேலைதான் இது" என்றார்.

மாமாவுக்கு ஒரு பழைய கதை தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும். லித்தியம் ஒரு சாதாரண உப்பு. அது இந்த வெறியைத் தணிக்கும் என்று 1949-ல் எழுதியவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர். அதை அவர் முதன்முதலில் கொடுத்துப் பார்த்த நோயாளி, ஐந்து வருஷமாக ஆஸ்பத்திரியில் அடங்காமல் கிடந்த ஒரு 51 வயதுக்காரர். 1948-ல் சில மாதங்களிலேயே தெளிந்து, வீடு போய், பழைய வேலையில் சேர்ந்தார். பிறகு மாத்திரையை விட்டார். அதே வருஷத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆக, இந்த மருந்தைச் சாப்பிட்ட முதல் மனிதரே அதை நிறுத்திப் பார்த்துவிட்டார். நம் பெண்களை வைத்து இன்னொரு தரம் சோதிக்க வேண்டியதில்லை.

அதே மனிதர் 1950-ல் லித்தியம் உடம்பில் மிகுந்து விஷமாகி இறந்துபோனார். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆபத்தில்லாத மருந்து என்று நான் சொல்லவே இல்லை. அதனால்தான் இன்று ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்கிறார்கள். இதெல்லாம் டாக்டரிடம் அடிக்கடி போவதற்குக் காரணமே தவிர, மாமாவிடம் போவதற்குக் காரணம் ஆகாது.

"பழக்கமாகிவிடும்" என்பது இன்னொரு பயமுறுத்தல். வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே பழக்கமாகிவிடக் கூடியவை அல்ப்ரஸோலம் போன்ற மாத்திரைகள். அவற்றைத்தான், "ஒரு அட்டை குடுப்பா, ராத்திரி தூக்கமே இல்லே" என்று சீட்டில்லாமல் கேட்கிறார்கள் நம் ஆலோசகர்கள். லித்தியத்துக்காக எவரும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்ததில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளும் போதை தருபவை அல்ல. அவை வேலை காட்டவே சில வாரம் பிடிக்கும். சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், படபடப்பு வரும். அதனால்தான் டாக்டர் படிப்படியாகக் குறைக்கிறார்.

"இங்கிலீஷ் விஷம்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சித்தப் பிரமைக்குப் பயன்படும் என்று எழுதியது நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரைப் பற்றி. அதிலிருந்து எடுத்த ரெஸர்பினை 1950-களில் அமெரிக்காவே ஆஸ்பத்திரிகளில் கொடுத்தது. அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் கைவிட்டார்கள். வைத்தியத்தில் சுதேசி, விதேசி பார்த்து நோய் வருவதில்லை.

மருந்து வேண்டாம் என்ற சித்தாந்தம் கடைசிவரை போனால் எங்கே போய் நிற்கும் என்பதை ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். தர்காவை நான் குறை சொல்லவில்லை. குணசீலம் பெருமாளிடம் நாற்பத்தெட்டு நாள் தங்குகிறவர்களையும் பரிகாசம் செய்யவில்லை. கும்பிடுங்கள், கும்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏர்வாடியிலேயே பிற்பாடு தொழுகைக்கு வருகிறவர்களுக்கு அரசாங்க டாக்டர்கள் மருந்து கொடுக்க ஏற்பாடானது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

நம் சினிமாவுக்கும் பத்திரிகை நகைச்சுவைக்கும் இதில் பங்குண்டு. 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னால் கொட்டகை சிரிக்கிறது. 1794-ல் புரசைவாக்கத்தில் ஆரம்பித்து 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த ஆஸ்பத்திரி அது. 1961-ல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 2021-ல் காலமானார். அந்த அம்மாளின் ஒரு நாள் வேலையைக்கூட நம் கதாசிரியர்கள் யாரும் கதையாக்கக் காணோம். பைத்தியத்தை மட்டும் எல்லோரும் எழுதுகிறோம். தெளிந்து வேலைக்குப் போகிறவர் யாருக்கும் கதாநாயகர் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு டாக்டர்களையும் சும்மா விடுவதற்கில்லை. இரண்டு நிமிஷத்தில் சீட்டெழுதி அனுப்பிவிடுகிறீர்கள். கை நடுங்கும், தாகம் எடுக்கும், உடம்பு பெருக்கும் என்று யார் சொல்வது? சித்திரை வெயிலில் வியர்த்தாலும், வாந்திபேதி கண்டாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும் என்பதும், சில வலி மாத்திரைகள் அதற்கு ஆகாது என்பதும் சீட்டில் இல்லையே? வேல்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையைக் கெடுக்கும் என்பதைக் கல்யாணம் நிச்சயமாகும் முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாமா? நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் மாமா நாற்காலி போட்டு உட்காருகிறார். மருந்துக்கு ஒன்றாக, தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்துச் சீட்டோடு கொடுங்கள். எந்தக் கஷ்டம் வந்தால் பொறுக்கலாம், எது வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும், எதற்காகவும் தானாக நிறுத்தக் கூடாது என்று அதில் இருக்கட்டும். 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. அதையும் தாளின் அடியில் போட்டுவிடுங்கள்.