வரப்போரம்: பதினொரு பனையும் ஒரு கோடை நாளும்

மே மாதத்து சனிக்கிழமை. பெங்களூரு பேருந்து பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தபோது காலை ஆறு மணி. தங்கை, அவள் வீட்டுக்காரர், எட்டு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், கூடவே நான்கு பைகள். அண்ணன் அரை மணி நேரம் முன்பே வந்து காத்திருந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம்.

"பூவிருந்தவல்லியில இறங்கிட்டு பூ இல்லாம போகலாமா? இந்தா, வெச்சுக்க" என்று தங்கையிடம் நீட்டினார். "வாங்க மாப்பிள்ளை. தூங்கினீங்களா?"

"எங்க மச்சான்! ரெண்டும் விடிய விடிய நுங்கு நுங்குன்னு ஒரே பாட்டு."

ஷேர் ஆட்டோ திருமழிசையைத் தாண்டி திருவள்ளூர் சாலையில் ஓடியது. போன முறை வயலாகப் பார்த்த இடங்களில் இப்போது மனைக் கற்கள். தங்கை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. வழக்கமாக அது யார் நிலம், என்ன விலைக்குப் போனது என்று ஊர்க்கதையெல்லாம் சொல்லுகிறவர்.

வீட்டுத் திண்ணையில் ஆயா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு ஒருமுறை முகர்ந்துவிட்டு, "மொதல்ல கூழு குடிங்க. வெயில் ஏறதுக்குள்ள கழனிக்குப் போவணும்" என்றார்.

கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் கிண்டி, மோர் ஊற்றிக் கரைத்த கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், உப்பில் ஊறிய மாங்காய், வறுத்த நெத்திலிக் கருவாடு. அண்ணி முருங்கைக்கீரையும் வதக்கியிருந்தார். பையன் முதலில் முகத்தைச் சுளித்தான். மாங்காயைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தவன், பிறகு சொம்பைக் கீழே வைக்கவில்லை.

எட்டு மணிக்கு எல்லோரும் கழனிக்குக் கிளம்பினார்கள். ஏரிக்கரைக்குக் கீழே ஒன்றேகால் ஏக்கர். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. கிணற்றுமேட்டை ஒட்டி நாலு பாத்தி வெள்ளரி, அதுவும் பாதி வாடியிருந்தது. கிழக்கு வரப்பு நெடுக வரிசையாகப் பனைகள்.

மரம் ஏறுகிற பெரியவர் ஏற்கெனவே வந்து, காலில் தளைக்கயிறு மாட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது. இந்தச் சுற்றுப்பட்டில் இப்போது மரம் ஏறத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

"அண்ணே, குலையை கயித்துல இறக்குங்க. பிள்ளைங்க கீழ நிக்குதுங்க" என்றார் அண்ணன்.

"கயித்துலதான் தம்பி இறக்குவேன். மேலேர்ந்து போட்டா உள்ள இருக்கிற சுளை கலங்கிப் பூடும். அந்தக் காயை யாருக்கும் தர முடியாது."

இரண்டு மரங்களில் ஐந்து குலை இறங்கியது. பெரியவர் காயின் தலையை அரிவாளால் ஒரே சீவாகச் சீவி, மூன்று கண்ணும் தெரிய நீட்டினார். பெண் குழந்தை ஸ்பூன் கேட்டது. ஆயா சிரித்துவிட்டு, "ஸ்பூன் உன் கையிலயே இருக்குது கண்ணு" என்று கட்டைவிரலைக் கண்ணுக்குள் விட்டு நெம்பிக் காட்டினார். குழந்தை அழுத்தியதும் தண்ணீர் பீய்ச்சி மாப்பிள்ளையின் சட்டையில் அடித்தது. நுங்குக் கறை லேசில் போகாது. இருந்தும் அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். ஐந்து குலையிலும் சேர்த்து 61 காய். அதில் 13 காய்க்கு இரண்டு கண், மற்றதெல்லாம் மூன்று கண். பையன் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டு, "170 சுளை மாமா!" என்று கத்தினான்.

"பெங்களூர்ல 12 சுளை 100 ரூபாய்க்கு வாங்கினேண்ணா. அதுலயும் நாலு முத்தல்" என்றாள் தங்கை.

தின்று முடித்த கோம்பை இரண்டை எடுத்து, நடுவே குச்சி செருகி, கவட்டைக் கொம்பு ஒன்றை வெட்டி மாட்டிப் பெரியவர் நுங்கு வண்டி செய்து கொடுத்தார். இரண்டு வண்டிகள் வரப்பில் ஓடின. அந்த ஓட்டத்தில்தான் பையன் திடீரென்று நின்றான்.

"மாமா, எல்லா மரத்துலயும் சிவப்பு பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்கே. 1, 2, 3ன்னு 11 வரைக்கும். எதுக்கு?"

யாரும் பேசவில்லை. அண்ணி குனிந்து கோம்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "வித்துட்டியாண்ணா?"

"இன்னும் இல்ல. திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கான்." அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மோட்டார் காயில் போயிடுச்சு. கட்டித் தர 6,500 கேக்கறான். வெள்ளரி கண்ணு முன்னால வாடுது. சூளைக்கு விறகு எடுக்கிற ஆளு மரத்துக்கு 400 தர்றேன்னான். உனக்கும் இதுல பங்கு இருக்குது. சொல்லிட்டுத்தான் முடிக்கணும்னு இருந்தேன். பிள்ளைங்க ஒரு தடவை நுங்கு சாப்பிட்டுப் போகட்டும்னு பார்த்தேன்."

ஆயா பனை அடியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "உங்கப்பா இந்த வரப்புல கொட்டை ஊனினப்ப நீ தவழ்ந்துக்கினு இருந்தே. பதினஞ்சு வருஷம் பார்த்துக்கினே இருந்தாரு. மொதக் குலை வந்தப்ப ஊரையே கூப்ட்டாரு."

மரத்திலிருந்து இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் பேச்சில் புகுந்தார். "தம்பி, கோச்சுக்காத. பனையை அந்த மாதிரி வெட்டக்கூடாது. கலெக்டர் அனுமதி வேணும். வாங்கற ஆளு நான் பார்த்துக்கறேம்பான். லாரி ஏத்திக்கினு போயிடுவான். நாளைக்கு விசாரணைன்னு வந்தா நிலத்துக்காரன்தான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னது சரிதான். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 1978இலிருந்து அதற்கு அந்தப் பெயர். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு முதன்முதலாகத் தாக்கல் செய்த வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டத்தோடு, பனை மரத்தை வெட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்றும் அதே அறிக்கையில் சொல்லப்பட்டது. சொந்த வரப்பில் நிற்கிற மரம் என்பதால் இதில் விலக்கு இல்லை.

"சட்டத்தை விடுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "கணக்கைப் பார்ப்போம். 11 மரம், 400 ரூபாய். 4,400. காயில் கட்டவே இன்னும் 2,100 குறையுதே?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவருக்கும் தெரிந்ததுதான்.

மாப்பிள்ளை பெரியவரிடம் திரும்பினார். "எத்தனை மரம் காய்க்குதுங்க?"

"ஆறு பெண்பனை. அஞ்சு ஆண்பனை, அதுல நுங்கு வராது, பாளைதான் விடும். இந்த வருஷம் மரத்துக்கு ஆறு குலைன்னு வெச்சிக்கலாம். ஒரே நாள்ல எல்லாம் பதத்துக்கு வராது, ஜூன் வரைக்கும் மூணு நாலு வெட்டு வரும்."

பையனின் குச்சி மறுபடி மண்ணில் ஓடியது. மொத்தம் 36 குலை. இன்று வெட்டியது ஐந்து போக 31. "மரத்துக்கு ஒரு குலை பழுக்க விடணும்" என்று ஆயா இடையில் சொன்னதால் ஆறு கழிந்து 25. குலைக்கு 34 சுளை என்றால் 850. "முத்தல், உடைசல்னு போகும், அதையும் கழிச்சுக்க" என்றார் பெரியவர். 12 சுளைப் பொட்டலமாகக் கட்டினால் 60 பொட்டலம் தேறும். திருவள்ளூர் சாலையில் மாலை நேரத்தில் கம்பெனி வண்டிகளும் பைக்குகளும் நிற்கிற இடத்தில் 100 ரூபாய்க்குக் கொடுத்தால் 6,000.

"ஏர்றது, வெட்டறது, சாலையில உக்காந்து விக்கறது என் வேலை. என் பையனும் வருவான்" என்றார் பெரியவர். "பாதிக்குப் பாதி. மேல எனக்கு எதுவும் வேணாம்."

"அப்ப 3,000 வரும் மாமா" என்றான் பையன். "அது 4,400 விட கம்மியாச்சே?"

"கம்மிதான்டா" என்றாள் தங்கை. "ஆனா அந்த 4,400 ஒரு தடவை வரும், அதோட மரம் போச்சு. இந்த 3,000 அடுத்த வருஷமும் வரும், அதுக்கடுத்த வருஷமும் வரும்."

"எனக்கு மோட்டார் இந்த வாரம் ஓடணுமே" என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. நுங்குப் பணம் ஜூன் வரை துளித்துளியாக வரும். வெள்ளரிக்குத் தண்ணீர் நாளைக்கே வேண்டும்.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "6,500 நாங்க தர்றோம் மச்சான்" என்றார் அவர்.

"வேணாம் மாப்பிள்ளை. ஊருக்கு வந்தவங்ககிட்ட…"

"சும்மா இல்ல, கடன்தான். ரெண்டு வருஷ நுங்குப் பணத்துல அடைச்சிடுங்க. வட்டி மட்டும் வருஷத்துக்கு ரெண்டு குலை. நாங்களே நேர்ல வந்து வசூல் பண்ணிக்கறோம்."

ஆயாதான் முதலில் சிரித்தார். அண்ணன் சிரிக்கச் சற்று நேரமாயிற்று.

மதியம் பனை நிழலில் எல்லோரும் படுத்திருந்தார்கள். வெள்ளரிப் பிஞ்சை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அண்ணி கொடுத்தார். மிச்சமிருந்த கோம்பைகளைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கறவை மாட்டுக்குப் போட்டார் அண்ணன். தங்கை வரப்பில் ஒரு இடத்தைக் காட்டினாள். போன மழையில் பக்கத்துக் கழனிக்காரரின் வரப்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. பனை நின்ற வரப்பில் ஒரு உடைப்பும் இல்லை. பனையின் சல்லி வேர் மண்ணை அப்படிப் பிடித்து வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்கள் பேருந்து ஏறினார்கள். ஒரு பை நிறைய சீவாத காய்கள். நுங்கு வண்டியைப் பையன் மடியிலேயே வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை லாரிக்காரர் வந்தபோது, அண்ணன் அவரை உட்காரவைத்து ஒரு சொம்பு கூழ் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். புதன்கிழமை மோட்டார் ஓடியது.

மரத்தில் சிவப்பு நம்பர்கள் அப்படியேதான் இருக்கின்றன. அழிக்கலாமா என்று அண்ணி கேட்டதற்கு, "இருக்கட்டும், எந்த மரம் எத்தனை குலைன்னு எழுதி வைக்க வசதி" என்றார் அண்ணன்.

வாசகர் கேள்விகள்

வரப்பில் பனை வைக்க ஆசை. எப்போது, எப்படி ஊன்றுவது?

பழுத்துத் தானாக விழுந்த பழத்தின் கொட்டையே விதை. ஆடி, ஆவணியில் சேகரித்து, சதையை நீக்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஊன்றிவிட வேண்டும். நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றுவது நல்லது. முளை முதலில் நேராகக் கீழே இறங்குவதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். மரத்துக்கு மரம் 10 அடி இடைவெளி விடலாம். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். மண்ணுக்கு மேல் ஓலை தெரியப் பல மாதம் ஆகும், முளைக்கவில்லை என்று தோண்டிவிடாதீர்கள். முதல் சில ஆண்டுகள் ஆடு, மாடு கடிக்காமல் காப்பாற்றினால் போதும். ஆணா பெண்ணா என்பது பாளை விட்ட பிறகே தெரியும். அதனால் நாலைந்து கொட்டைகளாகவே ஊன்றுங்கள். விதை கிடைக்கிறதா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம்.

நுங்கு வெட்டி விற்கிறோம். மறுநாளைக்குள் கெட்டுவிடுகிறதே?

சுளையாக எடுத்த நுங்கு அன்றைக்கே தீர வேண்டிய பண்டம். வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். குலையாகவே நிழலில் வைத்து, வாங்குபவர் வந்த பிறகு சீவிக் கொடுங்கள். பொட்டலத்துக்குப் பனையோலையே போதும். விலை குறையும்போது எல்லாக் குலையையும் வெட்டித் தள்ளாமல், சிலவற்றைப் பழுக்க விடுங்கள். அந்தக் கொட்டைகளை மண்ணில் புதைத்தால் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்காகக் காசு பார்க்கலாம்.