பிரேக் கீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள்!

வீட்டில் எது கீச்சிட்டாலும் நம் கை முதலில் தேடுவது எண்ணெய்க் கிண்ணத்தைத்தான். கதவுக் கீலுக்கு ஒரு சொட்டு, ஊஞ்சல் சங்கிலிக்கு ஒரு சொட்டு, தையல் மெஷினுக்கு இரண்டு சொட்டு. பாட்டி காலத்திலிருந்து பலித்து வரும் வைத்தியம் இது. ஆனால், வாசலில் நிற்கும் ஒரு பொருளுக்கு மட்டும் இந்த வைத்தியம் ஆகவே ஆகாது. அது கார் பிரேக்.

காரணம் எளிது. கீலும் சங்கிலியும் வழுக்கினால்தான் வேலை செய்யும். பிரேக் உரசினால்தான் வேலை செய்யும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். பிரேக்கை மிதித்ததும் இரண்டு பக்கமும் உள்ள பேட்கள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன, கார் நிற்கிறது. அந்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ, துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயோ பட்டால் சத்தம் நிற்கலாம், கார் நிற்காது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் துடைத்துச் சரிசெய்யவும் முடியாது. புதிதாக மாற்றத்தான் வேண்டும்.

"பிரேக் ஆயில் என்று ஒன்று விற்கிறார்களே?" என்று கேட்கலாம். பெயர்தான் ஆயில். அது மூடிய குழாய்க்குள் இருந்துகொண்டு, உங்கள் கால் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோகும் திரவம். பேட் மேல் அது ஒரு சொட்டு கூடப் படக் கூடாது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை

திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கும், பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் அங்கே வந்து போகிறவர்களுக்கும் பழக்கமான சத்தம் ஒன்று உண்டு. ஊருக்கு வெளியே மண் தரையில் காரை நிறுத்திவிட்டு, இரவெல்லாம் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, விடியற்காலையில் திரும்பி வந்து வண்டியை எடுத்தால் பிரேக் 'கரகர' என்கிறது. கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், அப்போது இந்தச் சத்தம் இன்னும் அதிகம்.

பயப்பட வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அதற்குப் பெயின்ட் அடிக்க முடியாது. ஒரு ராத்திரி மழையிலோ பனியிலோ நின்றாலே மேலே மெல்லிய துரு படரும். வண்டியை மெதுவாக ஓட்டி, பின்னால் வண்டி வராதபோது ஐந்தாறு முறை லேசாகப் பிரேக் மிதித்தால் பேட்களே அந்தத் துருவைத் துடைத்துவிடும். செலவில்லாத கை வைத்தியம் இதுதான்.

எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

* காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் 'கரகர': ஈரமும் துருவும். தானே போய்விடும்.

* பிரேக் மிதிக்காமலே, வண்டி ஓடும்போதெல்லாம் பிறாண்டுவது போன்ற சத்தம்: டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கலாம். மண் தரையில் நிறுத்தி எடுக்கும் வண்டிகளில் இது சகஜம். காலி இடத்தில் மெதுவாக முன்னும் பின்னும் நாலைந்து முறை எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

* நாள் முழுக்க, விடாமல் 'கீ...' என்று மெல்லிய சத்தம்: இதைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. பல கார்களின் பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். 'என்னை மாற்று' என்பதற்காகவே வைத்த மணி அது. சில கார்களில் ஓடும்போது கேட்டு, பிரேக் மிதித்ததும் நின்றுவிடும். அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

* இரும்போடு இரும்பு அரைப்பது போல 'கர்ர்ர்': பேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக்கை வரவழையுங்கள். அப்படியே ஓட்டினால் டிஸ்க்கும் வீணாகும். காரும் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காது.

வீட்டில் செய்யக்கூடியவை

*டார்ச் அடித்துப் பாருங்கள்.* அலாய் வீல் உள்ள கார் என்றால் சக்கரத்தின் இடைவெளி வழியாக செல்போன் டார்ச் அடித்தாலே பேட் தெரியும். புதிய பேட் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பேட் அவ்வளவுதான் மிச்சம் என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உள்பக்கப் பேட் சில சமயம் இன்னும் வேகமாகத் தேயும். அதை மெக்கானிக்தான் பார்க்க முடியும்.

*தண்ணீர் அடியுங்கள், ஆறிய பிறகு.* தூசியும் மண்ணும் சேர்ந்தாலும் பிரேக் கீச்சிடும். சக்கர இடைவெளி வழியாக ஹோஸ் பைப்பில் வெறும் தண்ணீர் அடித்தால் போதும். ஓடி வந்த சூட்டோடு அடிக்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது நெளிந்துபோகலாம். அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் ஆடும்.

*கழுவியதும் ஒரு சுற்று ஓட்டுங்கள்.* தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு முறை லேசாகப் பிரேக் பிடித்து ஈரத்தைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். பல சிறிய கார்களில் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால், உள்ளே இருக்கும் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரை என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து நிறுத்தலாம்.

*பிரேக் கிளீனர்.* ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். தூசியையும் பிசுக்கையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும். வண்டி ஆறிய பிறகு, திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் அடிக்க வேண்டும். பெயின்ட்டில் படக் கூடாது.

செய்யவே கூடாதவை

எண்ணெய், கிரீஸ், சோப்பு, பவுடர் எதையும் பேட்டிலோ டிஸ்க்கிலோ தடவாதீர்கள். மெக்கானிக் கிரீஸ் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் தடவுவது பேட்டின் முதுகில்; அதுவும் சூடு தாங்கும் தனி கிரீஸ். மண்ணெண்ணெய், பெட்ரோலால் துடைப்பதும் வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். பூஜை போடும்போது எலுமிச்சம்பழம் டயருக்குக் கீழே இருக்கட்டும். மஞ்சள் குங்குமம் பம்பரோடு நிற்கட்டும்.

மலைக்குப் போகிறீர்களா?

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூருக்கோ, 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிக்கோ போகிற குடும்பங்கள் நிறைய. ஏறும்போது பிரேக்குக்கு ஓய்வு; சோதனை இறங்கும்போதுதான். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பேட் சூடேறி, மேல்பகுதி கண்ணாடி போல் இறுகிப்போகும். கீச்சிடும், பிடிப்பும் குறையும். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். தீய்ந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, வண்டி தானாக ஆறட்டும்.

பிரேக் ஆயிலையும் மறந்துவிடாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். நாளாக ஆகத் தண்ணீர் சேர்ந்து, குறைந்த சூட்டிலேயே கொதிக்க ஆரம்பிக்கும். கொதித்தால் உள்ளே குமிழி உண்டாகி, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காரின் கையேட்டில் சரியான கணக்கு இருக்கும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்சக்கரமா பின்சக்கரமா, காலையில் மட்டுமா நாள் முழுக்கவா, மிதிக்கும்போதா மிதிக்காதபோதா, ஸ்டியரிங் ஆடுகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா... இவ்வளவையும் கவனித்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரை செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லலாம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் பல வண்டிகள் சாதுவாகிவிடும். அப்போது அந்தப் பதிவு உதவும். பேட் மாற்றினால் ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புதுப் பேட் முதல் சில நாட்கள் லேசாகச் சத்தம் போடலாம், படிந்ததும் அடங்கிவிடும்.

பௌர்ணமி இரவில் செருப்பில்லாமல் சாலையோரம் நடந்து போகிறவர்களில் குழந்தைகள் இருக்கிறார்கள், வயதானவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பௌர்ணமிக்குக் காரில் கிளம்புவதாக இருந்தால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே டார்ச் அடித்து நான்கு சக்கரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.