செய்து பார்த்தலும் செய்யப் பார்த்தலும்

எளாவூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று நாம் சொல்வதைத் தெலுங்கர் ‘இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு’ என்பர். 1952இல் இப்பழமொழியின் கல்யாணப் பாதியே தலைப்பாகி, இரு மொழிகளிலும் எல். வி. பிரசாத் இயக்கிய படம் வந்தது. இங்கே ‘பார்’ என்பது கண்ணால் காண்பதன்று. செய்து, அதன் விளைவை அறிவது.

கொரிய நிறுவனமொன்றில் வேலைக்கு முயலும் மாணவர் ஒருவர் அண்மையில் தம் கொரிய இலக்கணக் குறிப்பேட்டைக் காட்டினார். ‘மொகொ பொதா’ என்ற தொடருக்கு, உண்ண முயலுதல், உண்ட அனுபவம் இருத்தல் என இரு பொருள்களை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். ‘மொகொ’ என்பது உண்ணுதலின் எச்ச வடிவம். ‘பொதா’ என்றால் பார்த்தல். ‘சாப்பிட்டுப் பார்’ என்று வீட்டில் நாள்தோறும் கேட்கும் தொடரை அவர் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கற்றிருக்கிறார்!

ஒப்புமை அத்துடன் நிற்கவில்லை. ‘போனதுண்டு’ என்று நாம் அனுபவத்தைச் சொல்வதுபோல், கொரியரும் ‘போன தருணம் உண்டு’ என்ற அமைப்பில் சொல்கின்றனர். வேறுபாடும் உண்டு. கொரியத்தில் துணைவினையை இறந்தகாலத்தில் வைத்தாலே அனுபவப் பொருள் வந்துவிடும். நமக்கோ பெரும்பாலும் ‘சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?’ என இன்னொரு துணைவினை வேண்டும். ‘ஓடிப் பார்த்தான்’ என்றால் ஓடினான். ‘ஓடப் பார்த்தான்’ என்றால் ஓட முயன்றான், அவ்வளவே. எச்சம் மாறினால் நமக்குப் பொருளே மாறுகிறது. கொரியர் இரண்டாவதற்குப் பார்த்தலைத் துணைக்கு அழைப்பதில்லை; ‘ஓடலாமென்று செய்தான்’ என்பதுபோல் வேறு வினையை வைக்கின்றனர்.

இந்த இடத்தில்தான் நம்மவர் சிலர் ‘அம்மா, அப்பா’ பட்டியலை எடுத்துக்கொண்டு உறவு கொண்டாடக் கிளம்புகின்றனர். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஆயினும் அவ்வுறவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஜப்பானியமும் இந்தியும்கூடப் பார்த்தலை இவ்வாறே ஆள்கின்றன. ஒரே வழியில் நடப்பவரெல்லாம் உறவினராகிவிட மாட்டார்.

பெருமைக்கு அன்று, கற்பித்தலுக்கே இவ்வொப்புமை பயன்பட வேண்டும் என்பது என் கருத்து. துணைவினைகளை வகுப்பில் பட்டியலாக ஒப்பிக்கச் செய்கிறோம். அவை என்ன செய்கின்றன என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் அம்மாணவர் கொரியத்தின் வாசலில் அந்நியராய் நின்றிருக்க மாட்டார். தமிழாசிரியர்களாகிய நாம் அவருக்குக் கொடுக்கத் தவறியது கொரிய மொழியறிவை அன்று, அவருடைய தமிழையே.